நீலப் பட்டை ஒட்டிய சுவர்

தரை துடைக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சுவர் துடைக்கவும் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. தரை பொறுமைசாலி, எப்படித் தேய்த்தாலும் வாங்கிக்கொள்ளும். சுவர் ரோஷக்காரி. அதைக் கீழிருந்து மேலாகத்தான் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கி, பிறகு எந்தச் சோப்புக்கும் அசைந்து கொடுக்காது. கரித்தூள், சாக்பீஸ் தூள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். முதலில் ஈரமே படக் கூடாது. உலர்ந்த துணியால் தட்டி உதிர்த்த பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்ட அக்கா, முதல் வாரமே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் மாடி நடையில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

பிழைக்க வந்த அந்த நாட்டுச் சொற்களில் அவளுக்குத் தெரிந்தவற்றை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். நன்றி, மன்னிக்கவும், ஈரம், நாளை, முடிந்தது. இவற்றை வைத்துக்கொண்டே வேலையை ஓட்டினாள். மேற்பார்வையாளருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல நிற ஒட்டும் நாடா இருக்கும். சுற்றி வரும்போது எங்கேயாவது கறை கண்ணில் பட்டால் அதன் பக்கத்தில் ஒரு துண்டு கிழித்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார். கறையைப் போக்கிவிட்டு நாடாவையும் உரித்துவிட வேண்டும். மறுநாள் அவர் வரும்போது நீலம் தெரிந்தால் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மூன்றாம் முறை அதே நீலம் தெரிந்தால் ஆள் மாறிவிடும். அவளுக்கு முன்னால் கீழ்த்தளத்தைத் துடைத்தவள் அப்படித்தான் போனாள்.

அக்காதான் அவருக்குப் பட்டையார் என்று பேர் வைத்தவள்.

"நெத்தியில பட்டை போடுற மனுஷனப் பாத்திருக்கேன். சுவத்துக்குப் பட்டை போடுற மனுஷன இங்க வந்துதாண்டி பாக்குறேன்" என்பாள். அவள் சிரித்தால் நடை முழுக்க எதிரொலிக்கும். மேல்தளம் அக்காவுடையது, கீழ்த்தளம் இவளுடையது. மாடிப்படியின் முதல் படிக்கட்டுதான் எல்லை. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று இவள் ஏறிப் பார்த்ததில்லை, நேரமும் இருந்ததில்லை.

அவளுடைய மகள் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். அக்கா வைத்த பேர் வாயில்லாப்பூச்சி. வீட்டுக்குள் வந்தால் குட்டியின் வாயை அடைக்க முடியாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. அந்த நாட்டு மொழியை அவள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் யாராவது பேசினால் அப்பாவுக்கு அர்த்தம் சொல்லுவாள். ஆனால் வகுப்பில் யார் கேட்டாலும் தலை கவிழ்ந்துவிடும். வந்த புதிதில் எதையோ சொல்லப் போய் வகுப்பே சிரித்துவிட்டதாம். அன்று மூடிய வாய். மத்தியானச் சாப்பாட்டை மேல்கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். தரை துடைக்க வரும்போது அந்தக் கொக்கிக்கடியில் சிந்திக் கிடக்கும் பருக்கைகளைப் பார்த்து அவள் அடையாளம் கண்டுகொள்வாள். வேறு எந்தக் குழந்தையும் அங்கே உட்காருவதில்லை. அந்த இடத்தைத் துடைக்கும்போதெல்லாம், பிள்ளைக்கு ஒரு கூட்டு கிடைக்காதா, ஒரே ஒரு ஆள் பக்கத்தில் உட்கார மாட்டாளா என்று குனிந்தபடியே வேண்டிக்கொள்வாள்.

குட்டிக்கு இருந்த ஒரே பழக்கம் கிறுக்குவது. அந்தப் பழக்கம் அவர்களை ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து வெளியே தள்ளியிருந்தது. வந்ததும் வாடகைக்கு எடுத்த முதல் அறையில், கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க ஆட்களை வரைந்து வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் கட்டிலை நகர்த்திப் பார்த்த அன்றே சாமான்கள் தெருவுக்கு வந்துவிட்டன. பெட்டிகள்மேல் உட்கார்ந்துகொண்டு அவள் கணவர் சொன்னார், "சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு சொல்லுவாங்க. நமக்குச் சித்திரம் இருந்துச்சு, சுவருதான் போச்சு." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவருக்கே வரவில்லை. அன்று அவள் குட்டியின் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து, இனிமேல் எந்தச் சுவரையும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் குட்டி கரித்துண்டைத் தொட்டதே இல்லை. கொஞ்ச நாளாகக் கை மட்டும் கறுப்பாக வரும். "பென்சில் சீவினேம்மா" என்பாள். அவளும் நம்பினாள்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்று பட்டையார் மாடியைக் கையால் காட்டி, இவளையும் காட்டினார். கீழ்த்தளத்தை முடித்துவிட்டு வாளியும் துணியுமாக மேலே ஏறினாள். பிள்ளைகள் போய்விட்ட நேரம். வெயில் இறங்கவில்லை, ஜன்னல் வழியாக நடையின் பாதிவரை விழுந்துகிடந்தது. திருப்பத்தில் சுவரைப் பார்த்தாள்.

ஆளுயரத்துக்குக் கரியால் ஒரு மாடிப்படி. படி நிறையப் பிள்ளைகள். ஓடுகிறவர்கள், தள்ளுகிறவர்கள், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கிறவன், பல் தெரியச் சிரிக்கும் சுருட்டை முடிக்காரி ஒருத்தி. காதுகள் எல்லாம் கொஞ்சம் பெரிதாக, வெளியே மடிந்து. அந்தக் காதை அவளுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பின்னால் பார்த்த காது. கண் தானாகப் படிகளில் இறங்கியது. கடைசிப் படியில், குனிந்து வாளிக்குள் துணியைப் பிழிகிற ஒரு பெண். தூக்கிச் செருகிய கொண்டை, வேலைக்கோட்டு, இடது புருவத்தில் வெட்டு. அவளேதான். கண்ணாடியில்கூட அவள் தன்னை அவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை.

சுற்றிலும் நாலு பக்கமும் நீலப் பட்டை ஒட்டியிருந்தது.

பட்டையார் பார்த்துவிட்டார். ஒரு துண்டு இல்லை, இரண்டு துண்டு இல்லை, சுவர் நீளத்துக்கு ஒட்டியிருக்கிறார். அத்தனை கோபம். பக்கத்தில் ஒரு அறிவிப்புத் தாளும் இருந்தது. அவளால் படிக்க முடியாத எழுத்து. அதில் என்ன இருக்கும்? யார் செய்தது என்று கேட்டிருப்பார்கள். வேறு யார் முகமாக இருந்தாலும் தப்பிக்கலாம், துடைக்கிறவளின் முகத்தை வரைந்தவள் துடைக்கிறவளின் மகளாகத்தானே இருப்பாள்? நாளை காலையில் ஒருவர் உற்றுப் பார்த்தால் போதும். வேலை போகும், பள்ளிக்கூடம் போகும், மறுபடியும் பெட்டிகள்மேல் உட்கார வேண்டும்.

துணியை நனைத்தாள். முதலில் தன் முகத்தைத்தான் அழித்தாள்.

உலர்ந்த துணியால் தட்ட வேண்டும் என்பதை அவள் கை மறந்துவிட்டது. கரி தண்ணீரோடு சேர்ந்து சேறாகி வழிந்தது. தேய்க்கத் தேய்க்கச் சுவர் சாம்பல் நிற மேகமாகப் பரவியது. ஷூ கயிற்றுக்காரன் போனான், சுருட்டை முடிக்காரியின் சிரிப்பு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போனது. வாளித் தண்ணீரை எத்தனை முறை மாற்றினாள் என்று தெரியாது. கடைசியில் முகம் எதுவும் இல்லாத ஒரு சாம்பல் சுவர் நின்றது. நாலு பக்கத்து நீலப் பட்டையையும் நகத்தால் சுரண்டி உரித்து, உருண்டையாக்கிக் குப்பையில் போட்டாள். கூடவே அறிவிப்புத் தாளும் போனது. கீழே இறங்கும்போது, சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள்.

மறுநாள் குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அழிந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சத்தியத்தை மீறியதைத் தானும் கண்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், பயமே பாடமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"என்ன குட்டி, வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சுருட்டை ஒரு துரோகி."

"யாரு சுருட்டை?"

"யாருமில்ல. இனிமே யாருமே இல்ல."

அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் விட்டு அக்கா வேலைக்கு வந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு மேலே போனவள் போன வேகத்தில் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"மாடிச் சுவரு என்னடி ஆச்சு?"

"எந்தச் சுவரு?"

"உன் பொண்ணு வரைஞ்ச சுவருடி!"

அவள் துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்தாள். அது நிற்காமல் விழுந்தது.

"மெதுவாப் பேசுங்கக்கா. பட்டையார் காதுல விழுந்தா..."

"விழட்டுமே! ஊருக்கே தெரியுமே. ஓவிய டீச்சர்தான அந்தச் சுவத்த அவளுக்குன்னு குடுத்தாங்க." அக்கா மூச்சு வாங்கினாள். "ஜன்னல் கண்ணாடி ஆவியில விரலால எவன் மூஞ்சியோ வரைஞ்சிருக்கா. டீச்சர் பாத்துட்டாங்க. கரிய கையில குடுத்து, சுவத்தையும் குடுத்துட்டாங்க. அப்புறம் வகுப்பே வந்து நிக்குது, என்னய வரை, என்னய வரைன்னு. முதல்ல வந்து நின்னவ அந்தச் சுருட்டைத் தலைக்காரி. அன்னையிலேருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் சாப்பிடுதுங்க. நீ கவனிக்கல? கொக்கிக்கடியில இப்ப பருக்கையே கிடக்குறது இல்லையே."

ஆமாம், கிடப்பதில்லை. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லையோ என்று அவள் கவலைப்பட்டிருந்தாள்.

"பட்டை ஒட்டியிருந்துச்சேக்கா" என்றாள். அவளுக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

"அது டீச்சர் ஒட்டினதுடி, படம் எதுவரைக்கும்னு எல்லை கட்டுறதுக்கு. நேத்து பெத்தவங்க வந்து பாக்குற நாளுன்னு தாள்லயும் எழுதி ஒட்டியிருந்தாங்களே. உன்னக் கூட்டிட்டுப் போய் நிறுத்தணும்னு புள்ள அவ்வளவு ஆசையா இருந்தா. 'பெரியம்மா, அம்மாட்ட சொல்லிராதீங்க, அவங்களே பாக்கட்டும், பாத்துட்டாங்கன்னா சத்தியத்த வாபஸ் வாங்கிக்குவாங்க'ன்னு எங்கிட்ட..." அக்கா பாதியில் நிறுத்தினாள். இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இவள் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்கு அது சுகம். அவள் பிள்ளையின் தலையில் அல்லவா போட்டிருந்தாள். நடையிலேயே, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா மேலே போய் ஓவிய டீச்சரிடம் விசாரித்துவிட்டு வந்து மீதியையும் சொன்னாள். படம் அழிந்த அன்று மத்தியானம் சுருட்டைக்கும் குட்டிக்கும் சண்டை. என் தலை குருவிக்கூடு மாதிரி இருக்கிறது, மாற்றி வரை என்று அவள் கேட்க, அப்படித்தானே இருக்கிறது என்பதுபோல் இவள் தலையை ஆட்ட, சுருட்டை கரித்துண்டைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்திருக்கிறாள். கடைசியாகச் சுவர்ப் பக்கத்தில் நின்றவளும் அவள்தான், கையில் கறுப்பு இருந்ததும் அவளுக்குத்தான். ஆகவே அவள்தான் அழித்தாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். துப்புரவு ஆட்களைக் கேட்டார்களாம். என் ஆட்கள் அந்தப் பக்கம் கையே வைக்க மாட்டார்கள் என்று பட்டையார் அடித்துச் சொல்லிவிட்டாராம்.

"வாயத் தொறந்துராத தங்கச்சி" என்றாள் அக்கா. "நீ சொன்னா அவரு பொய்யனாயிருவாரு. அப்புறம் உன்ன வச்சிருப்பாரா? சின்னப் புள்ளைங்க சண்டை, ரெண்டு நாள்ல சரியாப் போகும். நான்தான் உங்கிட்ட சொல்லாம விட்டேன், அந்தப் பாவம் எனக்கும்தான்."

கணவர் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். விரல்கள் விறைத்துத்தான் வீட்டுக்கு வருவார். சூடான டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னாள். அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"சொல்லிரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேணாம், சொல்லாத" என்றார். அதற்குப் பிறகு, "எனக்குத் தெரியலடி. நான் குளிருல பெட்டி தூக்குறவன், எங்கிட்ட கேக்குற" என்று எழுந்து போய்விட்டார். ஏதாவது ஒரு வேடிக்கையாவது பேசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரிடமும் வேடிக்கை தீர்ந்திருந்தது.

குட்டியிடமாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். தலை வாரிவிடும்போது முகம் தெரியாது, அப்போது சொல்வது சுலபம்.

"குட்டி, ஒண்ணு சொல்லட்டா?"

"என்ன?"

வாய்வரைக்கும் வந்தது. "நகம் வளந்திருக்கு பாரு, வெட்டணும்" என்றாள்.

சாப்பாடு ஊட்டும்போது ஒருமுறை, துணி மடிக்கும்போது ஒருமுறை. ஒவ்வொரு முறையும் நகம், பல், சட்டைப் பொத்தான் என்று எதையாவது சொல்லித் தப்பித்தாள். குட்டிக்கே சந்தேகம் வந்து, "என்னம்மா, என்ன பாத்தா அவ்வளவு அழுக்காவா இருக்கு?" என்றாள். அந்தப் பிள்ளை வேடிக்கையாகக் கேட்கவில்லை. மறுபடியும் கொக்கிகளுக்கடியில் பருக்கை கிடக்கத் தொடங்கியிருந்தது. ஓவிய டீச்சர் புதுக் கரிப்பெட்டி ஒன்று கொடுத்தாராம், தொடக்கூட இல்லை என்று அக்கா சொன்னாள். "யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறா. முன்னயாச்சும் பூச்சி. இப்ப அதுவுமில்ல, கல்லு."

வாரக் கடைசியில், பிள்ளைகள் போன பிறகு தலைமை ஆசிரியர் அறைக்கு முன்னால் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் ஒரு பெண்ணும், பக்கத்தில் சுருட்டை முடிச் சிறுமி ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சுவரில் கடைசியாக அழிந்த முகம். சிறுமி அழுது ஓய்ந்திருந்தாள். விக்கல் மட்டும் மிச்சம். அவளுடைய அம்மா எங்கேயோ சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவளாக இருக்க வேண்டும், தலையில் வலை கட்டியபடியே ஓடி வந்திருந்தாள். உள்ளே கதவுக்கு அப்பால் குட்டியின் சிவப்புக் கோட்டு தெரிந்தது.

துடைப்பம் பெஞ்சருகே போனது. சுருட்டை இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். ஈரம் காயட்டும் என்று தூக்கியபடியே வைத்திருந்தாள். விக்கலுக்கு நடுவில் "நன்றி" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த கைப்பிடிச் சொற்களில் ஒன்று. எதற்கு நன்றி? அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு நேராக அறைக்குள் போனாள். கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. தட்டினால் திரும்பி ஓடிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

மேசைக்குப் பின்னால் தலைமை ஆசிரியர், பக்கத்தில் விரல் முழுக்கச் சாயம் படிந்த ஓவிய டீச்சர், நாற்காலி நுனியில் குட்டி. மூவரும் நிமிர்ந்தார்கள். அவள் தன் நெஞ்சைக் காட்டி, மாடியைக் காட்டி, கையால் துடைத்துக் காட்டினாள். "மன்னிக்கவும்" என்றாள். தலைமை ஆசிரியர் புன்னகையோடு ஏதோ சொல்லி, "நாளை" என்றார். மாடியைத் துடைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறாள், நாளை துடைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துவிட்டார்.

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"குட்டி, நான் சொல்றத அவங்ககிட்ட அப்படியே சொல்லு. அந்தப் படத்த நான்தான் அழிச்சேன்."

குட்டி அவளைப் பார்த்தாள்.

"சொல்லு குட்டி."

"பொய். அவ வெளிய அழுவுறான்னு பாவப்பட்டு நீ பொய் சொல்ற."

"பொய் இல்லடி. சுத்தி நீலப் பட்டை இருந்துச்சு. நீ திருட்டுத்தனமா வரைஞ்சிட்டன்னு நினைச்சேன். வேலை போயிரும், உன்ன வெளிய அனுப்பிருவாங்கன்னு..." இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். "கீழ்ப்படியில நான் இருந்தேன். துணி பிழிஞ்சுக்கிட்டு. புருவத்துல வெட்டுகூடப் போட்டிருந்த. அதத்தான் முதல்ல அழிச்சேன்."

தலைமை ஆசிரியர் குட்டியைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஓவிய டீச்சர் ஒரு தாளையும் பென்சிலையும் குட்டியின் பக்கம் நகர்த்தினார், பேச வராத பிள்ளை, வரைந்தாவது காட்டட்டும் என்று. குட்டி தாளைத் தொடவில்லை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாக என்னென்னவோ வந்து போயின. அவற்றைப் பார்க்க முடியாமல் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் மகளின் குரல் கேட்டது.

முதலில் கம்மலாக வந்தது. பிறகு நிற்கவில்லை. அவள் சொன்னது நாலு வரிதான். குட்டி பேசியதோ முடிவதாக இல்லை. அம்மாவுக்கு அந்த நாட்டில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். அது திரும்பத் திரும்ப வந்தது. மற்றதெல்லாம் வெறும் ஒலி. பிள்ளை தன்னைக் காட்டிக்கொடுக்கிறாளா, காப்பாற்றுகிறாளா, திட்டுகிறாளா? தன்னைப் பற்றித் தன் மகள் பேசுவதைத் தானே புரிந்துகொள்ள முடியாமல், குற்றவாளிபோலக் கைகட்டி நின்றாள். தலைமை ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஓவிய டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் சுருட்டையும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள்.

கடைசியில் குட்டி சுருட்டையைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். மன்னிக்கவும். அது அவளுக்குப் புரிந்தது. சுருட்டை அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அம்மா போகிற போக்கில் இவளைப் பார்த்துச் சொன்னதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எனக்குத் தகும் என்று தலை குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். குட்டி இரண்டு எட்டு முன்னாலேயே போனாள்.

"என்னடி சொன்ன அவ்வளவு நேரம்?"

குட்டி நடையை எட்டிப் போட்டாள்.

"திட்டினியா? திட்டிருந்தாலும் பரவால்ல, சொல்லிரு."

தெரு முனையில் குட்டி திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போவதுபோல இருந்தது. சொல்லாமல் நடந்தாள்.

அதிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. அப்பாவிடம் ஆம், இல்லை என்பாள். அம்மாவிடம் அதுவும் இல்லை. தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வாள், சீப்பை எடுத்தால் தலையைக் காட்டுவாள். அந்த நாட்டுக்கு வந்து பட்ட எதையும் அம்மா தாங்கியிருக்கிறாள். மொழி தெரியாத கடையில் சைகை காட்டி நின்றதை, தெருவில் பெட்டிகள்மேல் உட்கார்ந்ததை. அப்போதெல்லாம் வீட்டுக்குள் ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. இப்போது பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

பட்டையார் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார். கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அலுவலகம். எவ்வளவு துடைத்தாலும் அழிக்க எதுவும் இல்லாத சுவர்கள். பள்ளிக்கூடத்துச் செய்தியை அக்காதான் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து கொடுப்பாள்.

"உன் வாயில்லாப்பூச்சிக்கு வாய் முளைச்சிருச்சுடி. நேத்து நடையில நின்னு கத்துறா. 'நேரா நில்லு, மூக்க நோண்டாத'ன்னு சொல்லிருப்பா, அவ்வளவு வேகத்துல எனக்கு என்ன புரியுது. ஆனா அதட்டல் உன்னோடதேதான்."

"வரையிறாளா?"

"அதே சுவத்துல. டீச்சர் வெள்ளையடிச்சுத் தரேன்னாங்களாம், வேணாம்னுட்டா. நீ தேச்சு வச்ச சாம்பல் மேலயே. மழை வர்ற மாதிரி இருக்கு பின்னால."

"அந்தச் சுருட்டை?"

"முத ரெண்டு நாள் வரல. மூணாம் நாள் வந்து, பேசாம முதுகக் காட்டி உக்காந்தா. இவளும் விடல, முதுகையே வரைஞ்சுட்டா. அதப் பாத்துட்டு சிரிச்சுத் தொலைச்சா."

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள். "கீழ்ப்படியில?"

அக்கா பேருந்து வருகிறதா என்று பார்த்தாள். "படி இருக்கு" என்றாள். "ஆள் இல்ல."

தகும் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்கு ஒரு கூட்டு கேட்டாள். கூட்டமே கிடைத்துவிட்டது. அதில் தனக்கும் இடம் வேண்டும் என்று கேட்க என்ன முகம் இருக்கிறது?

அந்த வாரம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது குட்டி வந்து எதிரில் நின்றாள். நின்று அவள் முகத்தையே பார்த்தாள். நெற்றி, புருவம், காது என்று ஒவ்வொன்றாக. எங்கேயோ விட்டுவிட்டுத் திரும்ப வாங்கிய சாமானைச் சரிபார்ப்பதுபோல.

"உன் மூஞ்சி வர மாட்டேங்குது" என்றாள்.

இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அவள் மடித்த துணியை மறுபடியும் பிரித்துவிட்டாள். "ஏன்?"

"வரைஞ்சா கோவமா வருது. அழிச்சுட்டு வரைஞ்சாலும் கோவமாத்தான் வருது. உனக்குக் கோவமா எனக்குக் கோவமான்னு தெரியல." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு வந்து நில்லு. பாத்துதான் போடணும்."

மறுநாள் அலுவலக வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டு, வேலைக்கோட்டோடேயே போனாள். அந்த மாடிப்படியில் வெறுங்கையோடு ஏறுவது புதிதாக இருந்தது. நடையில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரிலும் அவர்களேதான். சுருட்டை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வழி விட்டாள். முகம் கொடுக்கவில்லை.

"எங்க நிக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அங்க. குனி. வாளி இருக்குன்னு நினைச்சுக்க."

குனிந்தாள். குட்டி சுவரில் கைவைத்தாள். கரி கரகரவென்று ஓடியது. ஒவ்வொரு இழுப்புக்கும் கறுப்புத் தூள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. அக்கா காலையில் பளபளவென்று துடைத்துவைத்திருந்த தரை. அவள் கை தானாக இடுப்பில் துணியைத் தேடியது, பாதம் மெல்ல முன்னால் நகர்ந்தது.

குட்டி திரும்பாமலே சொன்னாள்.

"அசையாதம்மா."